ஜான் சோர்னின் சாக்ஸபோன்: கேள்வி பதில்

கேள்வி: சார், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோர்ன் என்றாலே காதைக் கிழிக்கிற கூச்சல்தான் நினைவுக்கு வருகிறது. இவரைப் போய் அருமையான வாசிப்பாளர் என்கிறீர்களே?

பதில்: கூச்சல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1988-இல் வந்த 'நியூஸ் ஃபார் லூலூ' ஆல்பத்தைக் கேளுங்கள். ஆல்டோ சாக்ஸபோனில் சோர்ன், டிராம்போனில் ஜார்ஜ் லூயிஸ், கிட்டாரில் பில் ஃபிரிசெல், அவ்வளவுதான். சோனி கிளார்க், ஹேங்க் மோப்லி, கென்னி டோர்ஹம் போன்றவர்களின் பழைய ஹார்ட் பாப் (ஜாஸில் ஒரு பாணி) மெட்டுகள். டிரம்ஸும் பேஸும் இல்லாததால் லயம் முழுக்க வாசிப்பவரின் மூச்சிலும் நாக்கிலும்தான் நிற்க வேண்டும், கொஞ்சம் இழுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். இவர் ஸ்வரங்களை நறுக்கு நறுக்கென்று வெட்டிக்கொண்டே போகிறார், தாளம் ஒரு இடத்திலும் தொய்வதில்லை.

கேள்வி: அந்தக் கீச்சுச் சத்தத்தை யார் வேண்டுமானாலும் போடலாமே?

பதில்: போட்டுப் பாருங்கள்! வாத்தியத்தின் வழக்கமான எல்லைக்கு மேலே போக விரல் மட்டும் போதாது, தொண்டையையும் நாக்கையும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாற்றி வைக்க வேண்டும். நான் முயன்றபோது வெறும் காற்றுதான் வந்தது. சோர்ன் அங்கே போய்க் கத்திவிட்டு, அடுத்த நொடியே எதுவும் நடக்காதது போல மெட்டுக்கு இறங்கிவிடுவார்.

கேள்வி: யாரைக் கேட்டு இந்தப் பக்கம் வந்தார்?

பதில்: ஆந்தனி பிராக்ஸ்டன் என்ற சாக்ஸபோன் கலைஞரை. 'ஃபார் ஆல்டோ' என்று 1969-இல் பதிவான ஆல்பம், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் ஆல்டோ மட்டுமே. செயின்ட் லூயிஸில் கல்லூரியில் படிக்கும்போது அதைக் கேட்டுத்தான் சாக்ஸபோனை எடுத்தார்.

கேள்வி: சோர்னின் மசாடா குழுவைக் கேட்டேன், மாயாமாளவகௌளை ராகம் மாதிரி இருக்கிறதே?

பதில்: நெருங்கிவிட்டீர்கள். யூத இசையில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வர வரிசை அது. நிஷாதத்தைக் கவனித்தால் கைசிகி, அதாவது கொஞ்சம் தாழ்ந்த 'நி', ஆக நம் கணக்கில் வகுளாபரணம். அந்தக் குழுவில் பியானோ கிடையாது. டேவ் டக்ளஸின் டிரம்பெட்டும் சோர்னும் ஒன்றை ஒன்று துரத்தும், ஒருவரை ஒருவர் கூர்ந்து கேட்டு வழிவிடுகிறார்கள்.

கேள்வி: பிறகு ஏன் அருமையான சாக்ஸபோன் வாசிப்பாளர் என்ற பெயர் மட்டும் இவருக்கு வரவில்லை?

பதில்: பாதிக் காரணம் அவரேதான். 1984-இல் எழுதிய 'கோப்ரா' என்ற படைப்பில் சாக்ஸபோனைத் தொடாமல், மேடையில் அட்டைகளைத் தூக்கிக் காட்டி மற்றவர்களை வாசிக்க வைக்கிறார். அப்படியே பார்த்துப் பழகிவிட்டோம்.

கேள்வி: எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: மசாடாவின் முதல் ஆல்பம், 'அலெஃப்', 1994. கூச்சலுக்குப் பயந்தால் 'லூலூ'. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.