கார் வாங்காமல் அந்த வீட்டில் குடியிருக்க முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 82,000 ரூபாய் சம்பாதிக்கிறோம். கையிருப்பு 14 லட்சம். திருநெல்வேலி பெருமாள்புரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். முருகன்குறிச்சியில் இரண்டு சென்ட்டில் ஒரு பழைய வீடு 46 லட்சத்துக்கு வருகிறது; மனைவி வேலை பார்ப்பதும் பிள்ளைகள் இருவரும் படிப்பதுமான பள்ளி அங்கிருந்து நடக்கும் தூரம். வி.எம். சத்திரம் தாண்டி, திருச்செந்தூர் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஐந்து சென்ட்டில் புது வீடு 40 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அங்கே இரண்டு மனை வாங்கியிருக்கும் என் மைத்துனர், அதையே வாங்கு, மிச்சப்படும் பணத்தில் ஒரு கார் எடுத்துக்கொள் என்கிறார். பைக் தவணை 3,100, தனிநபர் கடன் தவணை 6,400 ஓடுகின்றன. தனிநபர் கடனுக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது. மைத்துனரின் மனை முன்பணத்துக்காக மனைவியின் நகையை 2.5 லட்சத்துக்கு அடகு வைத்ததற்கும் நானே வட்டி கட்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. எதை வாங்குவது?

பதில்: பட்டா, வில்லங்கச் சான்று, மனை அங்கீகாரம் ஆகியவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்துவது இரண்டு வீடுகளில் எதுவும் அல்ல. ஒவ்வொரு கடனையும் தனித்தனியே வைத்து, ‘இது சின்னத் தவணைதானே’ என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம்தான். பைக்கும் தனிநபர் கடனும் நகைக்கடனும் அப்படித்தான் வந்திருக்கின்றன. இப்போது காரும் அதே வழியில் வரப் பார்க்கிறது.

வி.எம். சத்திரத்து வீடு ஆறு லட்சம் மலிவு என்கிறீர்கள். வங்கி விலையில் 80 சதவீதம் தருவதாகவும், வட்டி 8.5 சதவீதம், காலம் 20 வருடம் என்றும் வைத்துக்கொண்டால், லட்சத்துக்கு ஏறத்தாழ 868 ரூபாய் தவணை வரும். முருகன்குறிச்சி வீட்டுக்கு 36.8 லட்சம் கடன், தவணை சுமார் 31,900. மற்றதற்கு 32 லட்சம் கடன், தவணை சுமார் 27,800. ஆக, மலிவின் மாதாந்தர மதிப்பு 4,100 ரூபாய்தான். முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என ஒன்பது சதவீதத்தையும் சேர்த்தால் கையிலிருந்து போடும் பணத்திலும் ஒன்றேமுக்கால் லட்சம் மிச்சம், அதையும் மறுக்கவில்லை.

இனி அந்த வீட்டில் குடியேறிய பிறகு வரும் செலவைப் பாருங்கள். உள்ளே இரண்டு கிலோமீட்டர் என்பதால் மனைவிக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டும்; ஒரு லட்சத்தை மூன்று வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 3,300. பெட்ரோல் ஆயிரம். பிள்ளைகளின் வேனுக்கு, தலைக்கு 1,500 என்றாலே மூவாயிரம். கார் இல்லாமலேயே ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டோம். காருக்கு ஏழு லட்சத்தை 9.5 சதவீதத்தில் ஏழு வருடத்துக்கு வாங்கினால் தவணை 11,400. பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ் என்று இன்னொரு மூவாயிரத்தைந்நூறு. 4,100 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் 22,000 ரூபாய் செலவழிக்கிறீர்கள்.

ஸ்கூட்டர் கடன் மூன்று வருடத்தில் முடியும், வீட்டுக் கடன் இருபது வருடம் ஓடும், ஐந்து சென்ட் நிலம் நாளைக்கு விலை ஏறும் என்று மைத்துனர் சொல்வார். சொல்வதில் பாதி சரி. பிள்ளைகள் விளையாட வாசல், தென்னை வைக்க இடம், பக்கத்துவீட்டுச் சுவரோடு ஒட்டாத சுவர் ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு; பழைய வீட்டின் மேல்தளமும் சாக்கடைக் குழாயும் செலவு வைக்கும் என்பதும் உண்மை. ஆனால் நிலம் ஏறுகிற லாபத்தை விற்கும் நாளில்தான் பார்ப்பீர்கள், வாகனச் செலவையோ மாதாமாதம் கொடுத்தாக வேண்டும். பழைய வண்டியை அடைப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும் என்பதை உங்கள் பைக் தவணையே சொல்கிறது. மேலும், சுற்றிலும் நாலு குடும்பம் வந்தால்தான் தன் மனைக்கு விலை வரும் என்ற கணக்கு மைத்துனருக்கு இருக்கிறது. அது தவறில்லை. அது அவருடைய கணக்கு.

நடை தூரம் என்பதைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்காதீர்கள். ‘புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் யாருடைய காலை நினைத்து அப்படி எழுதுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு காலையில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை அந்த இரண்டு கிலோமீட்டரை நடந்து பாருங்கள்: நிழல் இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, நாய்த் தொல்லை எப்படி, பிரதான சாலையை எங்கே கடப்பது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அம்மாவால் முடியாது என்றால், மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் உங்களை எதிர்பார்த்தே அவர் இருக்க வேண்டியிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று இரண்டு தெருவிலும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

அதற்காக முருகன்குறிச்சி வீட்டை 46 லட்சத்துக்கு வாங்கச் சொல்லவில்லை. முன்பணமும் பதிவுச் செலவும் சேர்ந்து 13.3 லட்சம் போனால், பழுது பார்க்கவோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பெரிதாக எதுவும் மிஞ்சாது. இப்போதுள்ள தவணைகளையும் நகை வட்டியையும் சேர்த்தால் வருமானத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகும். மேல்தளத்தைக் காட்டிப் பேரம் பேசி, 42 லட்சத்துக்கு வந்தால் வாங்குங்கள். தவணை 29,200 ஆகக் குறைவதோடு கையில் 1.8 லட்சம் நிற்கும். தனிநபர் கடன் முடியும்வரை கை இறுக்கமாகத்தான் இருக்கும். விலை இறங்காவிட்டால், திருச்செந்தூர் சாலையிலேயே பேருந்து நிறுத்தத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் சின்ன வீடாக, 37 லட்சத்துக்குள் தேடுங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; நிறுத்தம் காலடியில் இருந்தால் உங்கள் மனைவிக்கு ஸ்கூட்டரே வேண்டியதில்லை. புறநகர் என்றாலே கார் என்பதில்லை, எந்தத் தெரு என்பதுதான் பேச்சு. ஐந்து சென்ட் வீடுதான் வேண்டும் என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால், முதல் மூன்று வருடம் கார் இல்லை என்று சேர்த்தே முடிவு செய்யுங்கள்; அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் அந்த வீடு உங்களுக்குக் கட்டாது.

வங்கியில், வீட்டுக் கடனோடு ‘டாப்-அப்’ என்ற கூடுதல் கடனையும் சேர்த்துக் காரையும் அதிலேயே எடுக்கலாம், வட்டி குறைவு என்று ஆசை காட்டுவார்கள். ஏழு வருடத்தில் தேய்ந்துபோகிற பொருளுக்கு இருபது வருடம் வட்டி கட்டுவதில் என்ன லாபம்? ஒரே பிரீமியமாகக் கடனில் ஏற்றித் தரும் காப்பீட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்கள் இருவர் பெயரிலும் டேர்ம் பாலிசியை (குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) தனியே எடுங்கள்.

எந்த வீட்டுக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன் நகைக்கடனைப் பேசி முடியுங்கள். இந்த மாதத்திலிருந்து வட்டி மைத்துனருடையது, ஆறு மாதத்துக்குள் அவர் நகையை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் இரண்டு மனைகளில் ஒன்றை விற்று அடைக்க வேண்டும் என்று, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். மைத்துனர் உங்கள் மனைவியின் அண்ணன் என்பதால், மனைவி முதலில் பேசுவதே நல்லது.