சேலம் சர்ச் பதிவேடு: எந்தச் சேலம்?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா சேலம் லண்டன் மிஷன் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். இணையத்தில் 'சேலம் காங்கிரிகேஷனல் சர்ச்' என்று தேடினால் 1629 என்கிறது, 1692 என்கிறது, சூனியக்காரி வழக்கு என்கிறது. நம் ஊரில் இதெல்லாம் நடந்ததா? தாத்தா பெயரை எங்கே தேடுவது?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: நம் ஊரில் இல்லை, அது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் சேலம். ஆனாலும் நீங்கள் முற்றிலும் தப்பான இடத்துக்குப் போய்விடவில்லை, ஏனென்றால் அந்தச் சபையும் நம் ஊர் லண்டன் மிஷன் சபையும் காங்கிரிகேஷனல் வழியில், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் வழியில், வந்தவை.

அங்கே 1629இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ஒரே வாக்கியத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, சாமுவேல் ஸ்கெல்டன், பிரான்சிஸ் ஹிக்கின்சன் என்ற இருவரைத் தாங்களே ஊழியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே பிஷப் கிடையாது. யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது எல்லாம் சபையார் முடிவு, அது சபைப் புத்தகத்தில் ஏறிவிடும். 1692 ஜூலை 3இல் ரெபெக்கா நர்ஸ் என்ற எழுபது வயது தாண்டிய அம்மாவைச் சூனியக்காரி என்று சபையிலிருந்து நீக்கினார்கள், 19ஆம் தேதி நீதிமன்றத் தீர்ப்பின்படி தூக்கில் போட்டார்கள். இருபது வருடம் கழித்து, 1712இல், மகன் கேட்டுக்கொண்டதன் பேரில் அதே சபை கூடி அந்த நீக்கத்தை ரத்து செய்தது, அதையும் எழுதி வைத்தது. என்னைக் கேட்டால் அந்த வழக்கைப் பற்றி வந்த படங்களையும் பேய்க்கதைகளையும்விட இந்த இரண்டு பதிவுகள்தான் படிக்க வேண்டியவை. தன் தீர்ப்பைத் தானே திருப்பி எழுதிய சபைகள் எத்தனை இருக்கும்?

இன்னொரு தொடர்பும் உண்டு. 1812 பிப்ரவரியில் அதே ஊரின் டேபர்னக்கிள் சர்ச்சில்தான் அமெரிக்கன் போர்டு என்ற வெளிநாட்டு மிஷன் சங்கம் தன் முதல் ஐந்து மிஷனரிகளுக்குக் குருப்பட்டம் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பியது. அந்த போர்டுதான் 1834இல் அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கியது. உங்களுக்கு மதுரைப் பக்கம் உறவுகள் இருந்தால், அந்தக் காகிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

சரி, நம் சேலத்துக்கு வருவோம். 1827இல் ஹென்றி கிரிஸ்ப் இங்கே லண்டன் மிஷன் வேலையைத் தொடங்கினார், பின்னால் வந்தவர்களில் லெக்லர் பெயரைத்தான் நம் ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வார்கள். இவர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் அங்கே சோவாஸ் கல்லூரி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் உங்கள் தாத்தா கிடைப்பார் என்று எண்ணிப் பணம் செலவழிக்காதீர்கள். துரை எழுதும் கடிதத்தில் இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எண்ணிக்கை வரும், பெயர் வருவது அபூர்வம். பெயர் இருக்கும் இடம் இங்கேயே இருக்கும் சபைப் பதிவேடுதான். லண்டன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்து, 1947இல் அதன் வழியாக சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தன. அதனால் பழைய லண்டன் மிஷன் சபையின் இன்றைய சி.எஸ்.ஐ. போதகரிடம் முதலில் கேளுங்கள். போகும்போது தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், அவர் அப்பா பெயர் மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள், பெரியவராகி மதம் மாறியவர் என்றால் பழைய பெயரில் தேடிப் பயனிருக்காது. வருடம் தெரியாவிட்டால் திருமணப் பதிவேட்டிலிருந்து தொடங்குவது சுலபம், அதில் வயதும் அப்பா பெயரும் சேர்ந்தே இருக்கும்.

கேள்வி: ஏற்காடு ஹோலி டிரினிட்டி சர்ச்சும் லண்டன் மிஷனுடையதா?
- ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இல்லை, அது ஆங்கிலிகன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்தது. கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததற்கு அப்புறம் குடியேறிய தோட்டத் துரைமார் குடும்பங்களைத் தேடுகிறீர்கள் என்றால், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை, தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்களுக்கு அங்கே தேடாதீர்கள்.