ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தால் புற்றுநோயா?

கேள்வி: வயது 38, கோபி பக்கம் கிராமம். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கம்பெனி கேம்ப்பில் பிரஷ் கொடுத்து எங்களையே சாம்பிள் எடுக்கச் சொன்னார்கள். ‘ஹெச்பிவி 16 இல்லை, 18 இல்லை, பிற ஹை ரிஸ்க் வகை இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு தொந்தரவும் இல்லை. இது புற்றுநோய்ங்களா? வீட்டுக்காரர் மேல் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லைங்க அம்மிணி, இது புற்றுநோய் ரிப்போர்ட் இல்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து வந்த செல்களில் ஹெச்பிவி என்ற வைரஸின் மரபணு இருக்கிறதா என்பதை மட்டும்தான் லேபில் பார்த்திருக்கிறார்கள். செல் கெட்டிருக்கிறதா என்று இந்தப் பரிசோதனை சொல்லாது.

புற்றுநோய்க்குக் கொண்டுபோகக்கூடிய வகைகளாகச் சுமார் 14-ஐ லேபில் தேடுவார்கள். அதில் 16, 18 இரண்டும்தான் பொல்லாதவை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் அந்த இரண்டால் வருவது. அதனால்தான் அவற்றைத் தனித்தனியாகவும், மீதியை ‘பிற’ என்று ஒன்றாகவும் போடுகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது அந்த ‘பிற’. ரிப்போர்ட்டில் ‘சிடி’ (வைரஸ் தென்பட லேப் மெஷின் எத்தனை சுற்று ஓடியது என்ற கணக்கு) என்று ஏதாவது எண் இருந்தால் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது நோயின் அளவு இல்லை. பக்கத்து மேசைத் தோழிக்கு ‘இன்வேலிட்’ என்று வந்திருந்தால், வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. மறுபடி சாம்பிள் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொற்று ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது வருடம் எடுக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் சின்னச் சிகிச்சையோடு முடிந்துவிடும். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்த பிரிவில், எட்டு வருடத்தில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 2009-ல் வெளிவந்த முடிவு இது. ஆனால் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினால் அந்தப் பலன் கிடைக்காது. எனக்கு வருத்தமே அங்கேதான்: ‘தொந்தரவு இல்லையே’ என்று அடுத்த படிக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள்.

அதனால் இந்த மாதத்துக்குள் ஒரு நாள் லீவு போடுங்கள். கோபி அரசு மருத்துவமனையோ திருப்பூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, மகளிர் பிரிவுக்கு ரிப்போர்ட்டோடு போங்கள். செல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையை நீங்களாக எடுத்த சாம்பிளில் செய்ய முடியாது. டாக்டர் புதிதாக எடுப்பார், அல்லது கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் கோல்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும், டாக்டர் சொல்லும் தேதியில் ஹெச்பிவி டெஸ்டை மறுபடி செய்தாக வேண்டும்.

அப்புறம் வீட்டுக்காரர் விஷயம். இந்த வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுவதுதான், ஆனால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. தாம்பத்திய வாழ்வில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வந்து போவதுதான். இதை வைத்து அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். ரிப்போர்ட்டைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் மகள் இருந்தால், ஹெச்பிவி தடுப்பூசி பற்றியும் அன்றைக்கே கேட்டுக்கொண்டு வாருங்கள்.