ஒரு விஞ்ஞானியின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கை காட்டிவிடுமா?

ஒரு விஞ்ஞானியின் ஆய்வு எவ்வளவு பயன்பட்டது என்பதை அதற்குக் கிடைத்த மேற்கோள்களை, அதாவது மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அதைக் குறிப்பிட்ட தடவைகளை, எண்ணியே சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: முடியாது. எனக்குத் தெரிந்த துறை ரேடார் மூலம் மண் ஈரம் பார்ப்பது, அதை வைத்தே சொல்கிறேன்.

நான் பினாங்கில் முதுகலை ஆய்வு செய்தபோது இரண்டு வருடம் நிபோங் தெபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மண் எடுத்தேன். காலை ஏழு மணிக்குப் போய், வெட்டிப்போட்ட மட்டைகளை ஒதுக்கி, இரும்பு வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே வந்த மண்ணை அலுமினிய டப்பாவில் போட்டு மூட வேண்டும். லேபில் எடை பார்த்து, 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் முழுக்க வைத்து, திரும்பவும் எடை பார்க்க வேண்டும். குறைந்த எடைதான் தண்ணீர். ஒரு டப்பாவில் 24 கிராம் குறைந்தது என்றால் அந்த ஒரு மரத்தடிக்கு, அந்த ஒரு காலைக்கு மட்டும் விடை கிடைத்தது. ஒரு நாளைக்கு நாற்பது டப்பா எடுத்தாலும் தோட்டத்தின் ஒரு மூலைதான் முடியும். இதை ஒரு வாரம் செய்து பார்த்தவர்களுக்கு, செயற்கைக்கோள் ரேடாரால் மேலிருந்து ஒரே பார்வையில் நாடு முழுக்க ஈரம் சொல்ல முயன்றவர்கள் மேல் மரியாதை தானாக வந்துவிடும்.

ரேடார் ஒரு வானொலி அலையை நிலத்துக்கு அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை அளக்கும். அதற்கு ஈரம் தெரிவதற்குக் காரணம், மின்புலத்துக்கு மண்ணும் தண்ணீரும் காட்டும் குணம் வேறு வேறு. மின்கடவா எண் என்று சொல்வார்கள். காய்ந்த மண்ணுக்கு அது 3, 4 இருக்கும். தண்ணீருக்கோ 80 அளவில். அதனால் ஈர மண் அலையை அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஆனால் கட்டி கட்டியாக உழுத காய்ந்த நிலமும் அதிகமாகவே திருப்பி அனுப்பும், செடி கொடியும் குறுக்கே வரும். டமாஸ்கஸில் பிறந்து அமெரிக்கா போன ஃபவாஸ் உலபி 1970களில் கான்சஸில் தன் குழுவோடு லாரியில் ரேடாரை ஏற்றி, வயல் வயலாக அலைவரிசை, கோணம், மண் வகை என்று மாற்றி மாற்றி அளந்தார். இந்தத் துறையின் அடித்தளத்தில் பெரும்பங்கு அந்தப் பொறுமையான வேலைக்கு உண்டு.

நான் சொல்ல வந்தவர் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வொல்ஃப்காங் வாக்னர். 1991இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 செயற்கைக்கோளில் ஒரு ரேடார் கருவி இருந்தது. கடல் காற்றை அளக்கச் செய்தது, ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் அகலம். அது நிலத்தின் மேல் பறக்கும்போது எடுத்த பதிவுகளை வைத்து வாக்னர் ஈரம் பார்த்தார். அவ்வளவு பெரிய பரப்பில் நிலத்தின் கரடுமுரடு வருடக்கணக்கில் பெரிதாக மாறாது. அப்படியென்றால் அதைக் கணக்குப் போட வேண்டாம், ஒவ்வொரு இடத்திலும் பல வருடத்தில் வந்த மிகக் காய்ந்த எதிரொலி எது, மிக ஈரமான எதிரொலி எது என்று கண்டுபிடித்து, இன்றைய எதிரொலி அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். அந்தக் கருவி ஒரே இடத்தை மூன்று ஆண்டெனாவால் வெவ்வேறு கோணத்தில் பார்த்ததால் செடிகளின் பங்கையும் பிரிக்க முடிந்தது. உக்ரைனில் கையால் எடுத்த மண் அளவுகளோடு ஒப்பிட்டு 1999இல் கட்டுரை வெளியிட்டார்கள். இத்தனை எளிய யோசனையை முதல் தடவை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

அந்தக் கட்டுரைக்கு மேற்கோள்கள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2006 முதல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் மெட்ஆப் வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள ஆஸ்கேட் என்ற ரேடார் கருவி அதே வழியில் தினமும் மண் ஈரம் தர, ஐரோப்பிய வானிலை மையம் அதைத் தன் முன்கணிப்பு மாதிரியில் சேர்த்துக்கொள்கிறது. அந்த முன்கணிப்பைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் யாரும் கட்டுரை எழுதுவதில்லை. அவர்களை எந்த எண்ணிக்கை பிடிக்கும்?

சரி, நம் ஊரில் அது வேலை செய்ததா? என் தோட்டத்தில் இல்லை. ஆஸ்கேட் அனுப்பும் அலையின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவு, செம்பனை மட்டைகளைத் தாண்டி மண்ணுக்குப் போய்ச் சேர்வது கஷ்டம். தண்ணீர் கட்டிய நெல் வயலும் அலையைக் கண்ணாடி மாதிரி வேறு பக்கம் தள்ளிவிடும். ஆனால் அந்தத் தரவு ஒவ்வொரு எண்ணோடும் பிழை அளவையும் சேர்த்தே தருகிறது, அடர்ந்த மழைக்காடுகளில் நம்ப வேண்டாம் என்று குறியும் போடுகிறது. என் டப்பா கணக்கும் செயற்கைக்கோள் கணக்கும் ஒத்துவராதபோது, நான் தப்பாக அளந்துவிட்டேனோ என்று மாதக்கணக்கில் குழம்பாமல் என்னைக் காப்பாற்றியது அந்தக் குறிதான். என்னைப் பொறுத்தவரை அதுவும் தாக்கம்தான், பெரிய தாக்கம்.

அப்புறம், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நைசார் என்ற, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள் போயிருக்கிறது. அதன் எல்-பேண்ட் அலை 24 சென்டிமீட்டர் நீளம், மட்டைகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வரும். பழைய டப்பாக்களைக் கழுவி வைத்திருக்கிறேன், அதே வரிசை மரங்களுக்கு அடியில் திரும்பவும் மண் எடுக்கப் போகிறேன்.