சூடானதும் ஆயில் லைட் மினுங்குது, பாம்பன் பாலம் ஏறும்போது திணறுது: பழைய மாருதி 800-ல் சென்சார், பம்ப் இரண்டையும் மாற்றணுமா?

கேட்டவர் சொன்னது இதுதான். கார்புரேட்டர் மாருதி 800, 1997 மாடல். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்வருகிற வண்டி. இன்ஜின் சூடானபிறகு ஸ்லோவில் நின்றால் ஆயில் லைட் மினுங்குகிறது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடுகிறது. பாலம் ஏறும்போது பெட்ரோல் அறுந்த மாதிரி இழுவை போகிறது. மெக்கானிக் ஆயில் சென்சார், பெட்ரோல் பம்ப் இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். வண்டி ஆறியதும் ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள்.

நான் மண்டபம் பக்கம் படகு இன்ஜினும் காரும் சேர்த்துப் பார்க்கிற பட்டறையில் இருப்பவன். ஆயில் லைட்டும் பெட்ரோல் திணறலும் ஒரே சமயத்தில் வந்தால் எனக்கு முதலில் சந்தேகம் போவது பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் மேல்தான். உங்கள் வண்டியில் டேங்குக்குள் மின்சாரப் பம்ப் கிடையாது. இன்ஜின் ஹெட்டோடு போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும், பட்டறையில் ஏசி பம்ப் என்று சொல்கிற மெக்கானிக்கல் பம்ப் (குளிரூட்டும் ஏசி இல்லை). கேம்ஷாஃப்ட் சுற்றச் சுற்ற உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் மேலும் கீழும் ஆடி, டேங்கிலிருந்து உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளும். டயஃப்ரத்துக்கு ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் இன்ஜின். அது கிழிந்தால் பெட்ரோல் பம்பின் உடம்பில் இருக்கும் சின்ன ஓட்டை வழியே வெளியே சொட்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்கி ஆயிலோடு கலக்கும். நீர்த்த ஆயிலால் ஸ்லோவில் பிரஷர் பிடிக்க முடியாது, லைட் மினுங்கும். கார்புரேட்டருக்குப் போகவேண்டிய பெட்ரோலும் குறையும், ஏற்றத்தில் திணறும். இரண்டு புகாருக்கும் கிழிசல் ஒன்றுதான்.

குச்சியில் என்ன பார்ப்பது? பெட்ரோல் வாடை அடித்தால் பாதி விடை கிடைத்தாயிற்று. ஆயிலை ஊற்றாமலே மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் மீதியும் கிடைத்தாயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. "என் இன்ஜின் சொட்டு ஆயில் குடிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆயில் எரிந்து குறைந்த இடத்தைப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பு இருக்காது, தண்ணியாக ஓடும். அப்படி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பேரிங் தேய்வது ஒரு பக்கம், கிராங்க்கேஸில் பெட்ரோல் ஆவி நிற்பது அதைவிட ஆபத்து. பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் புதிதாகப் போட்டபிறகுதான் சாவியைத் திருப்பவேண்டும்.

வாடையும் இல்லை, மட்டமும் சரி என்றால், அடுத்து சுவிட்ச். சென்சார் என்று எல்லோரும் சொன்னாலும் உங்கள் வண்டியில் இருப்பது வெறும் பிரஷர் சுவிட்ச். ஒரே ஒரு வயர் வரும், எர்த் இன்ஜின் பிளாக் வழியாக. பிரஷர் இல்லாதபோது உள்ளே காண்டாக்ட் சேர்ந்திருக்கும், லைட் எரியும். ஆயில் தள்ள ஆரம்பித்ததும் காண்டாக்ட் விலகும், லைட் அணையும். விலகுவதற்கு வேண்டிய பிரஷர் பொதுவாக 0.3 முதல் 0.5 பார் வரைதான், ரொம்பக் குறைவு. அதனால் லைட் அணைந்திருக்கிறது என்பதை வைத்து இன்ஜின் நலம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் லைட் உண்மையாகவே எரிந்தால் பிரஷர் கிட்டத்தட்ட இல்லை என்று அர்த்தம். ஓடும்போது எரிந்து நின்றால் ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள், "வீடு வரைக்கும் போய்ரலாம்" கணக்கு வேண்டாம்.

சோதிப்பது லேசு. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போடுங்கள், லைட் எரியவேண்டும். சுவிட்ச் வயரைக் கழற்றுங்கள், அணையவேண்டும். கழற்றிய முனையை பிளாக்கில் தொடுங்கள், மறுபடி எரியவேண்டும். கழற்றியும் எரிந்துகொண்டே இருந்தால் சுவிட்சில் குற்றமில்லை, வயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. பிளாக்கில் தொட்டும் எரியாவிட்டால் பல்ப் போயிருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். அந்தக் காரில் ஆயில் முழுதும் ஒழுகிப்போனாலும் லைட் உங்களிடம் சொல்லாது.

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்) தன்னுடைய பிரீமியர் பத்மினியைக் கொண்டுவந்தார். லைட் அணையவே மாட்டேன் என்கிறது. "தம்பி, சுவிட்ச மாத்தி மாத்திப் பாத்தாச்சு, இது இன்ஜின் வேலைதான்னு சொல்றாங்க, பிரிச்சிரு" என்றார். வயரைக் கையால் தடவிக்கொண்டே போனால், இன்ஜின் தாங்கிக் கம்பியில் உரசி உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. இன்ஜின் ஆடும்போதெல்லாம் செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, வயரை இரண்டு இன்ச் தள்ளிக் கட்டினோம், அவ்வளவுதான்.

நம்ம கரையில் இந்த வயர் விவகாரம் கூடுதல். தொண்டி முதல் வாலிநோக்கம் வரை கடல் காற்று படுகிற இடத்தில் நிற்கும் வண்டி எதுவானாலும் கனெக்டரை உருவிப் பாருங்கள், பச்சைப் பொடி கொட்டும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்த பிறகு சுற்றுலா வண்டிகளுக்கு இது இன்னும் அதிகம்; இரண்டு பக்கமும் கடல், அடிப்பக்கமெல்லாம் உப்புத் தூவானம். வெளியே வயர் புதுசு மாதிரி இருக்கும். டெர்மினல் கவ்வுகிற இடத்தில் உறையை ஒரு சென்டிமீட்டர் சீவினால் செம்பு கறுத்து, நெரித்தால் பொடியாகும். அதைச் சுரண்டி ஒட்டவைப்பது வீண் வேலை, கறுப்பு முடிகிற இடம் வரை வெட்டிப் புது டெர்மினல் போடவேண்டும். பாட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டையையும் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்குங்கள். அப்புறம் எலி. கருவேல மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பானட்டைத் திறந்தால் கூடே கட்டியிருக்கும்.

வயர் சரி, சுவிட்ச் சரி, அப்படியும் சூட்டில் மினுங்குகிறதா? அப்போது நிஜப் பிரஷரை அளக்கவேண்டும். சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினால் தெரிந்துவிடும். மாருதியில் அந்த மரை பொதுவாக 1/8 பிஎஸ்பி டேப்பர். கார் பட்டறையில் கேஜ் இல்லை என்று கைவிரித்தால் படகு இன்ஜின் பார்க்கிற இடத்தில் கேளுங்கள். விசைப்படகில் லைட்டை நம்பிக் கடலுக்குப் போகிறவர் யாரும் இல்லை, எல்லாம் கேஜ்தான். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் ஸ்லோவில் 0.7 பாருக்குக் கீழே, அதாவது 10 பிஎஸ்ஐக்குக் கீழே முள் நின்றால் கவலைப்படலாம். 3,000 சுற்றில் 3 பார் பக்கம் வந்தால் நிம்மதி. இரண்டிலும் குறைந்தால் முதலில் ஆயில் என்ன தரம், எப்போது மாற்றியது என்று பாருங்கள். அப்புறம் சம்பை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி, ஆயில் உறிஞ்சுகிற சல்லடையில் (ஸ்ட்ரெய்னர்) அடைப்பு இருக்கிறதா பாருங்கள். கடைசியாகத்தான் ஆயில் பம்ப், பேரிங். கெட்டியான ஆயில் ஊற்றி லைட்டை அணைத்துத் தருகிற வைத்தியம் ஒன்று நடக்கிறது. அது வண்டியை விற்கப் போகிறவருக்கு உதவும், ஓட்டப் போகிறவருக்கு இல்லை. சுவிட்சைத் திரும்ப மாட்டும்போது டெஃப்ளான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றவேண்டாம், மரை வழியாகத்தான் எர்த் போகிறது.

இனி திணறல். நம்ம ஊரில் காருக்குச் சொல்லிக்கொள்ளும்படி மேடு என்றால் பாம்பன் பாலம்தான். ஆடி மாதம் எதிர்க்காற்றும் சேர்ந்தால் சின்ன இன்ஜினுக்கு அது மலை. ஆகவே அங்கே திணறுவதை வைத்தே பம்பைக் குற்றம் சொல்ல முடியாது. திணறும்போது நிறுத்தத் தோதான இடம் பார்த்து பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "புஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பிறகு வண்டி சரியாக ஓடினால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது, செலவு ஒரு மூடி. அது இல்லையென்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸ். இந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம் என்பதால் வெடித்திருந்தாலும் சொட்டாது, காற்றை இழுத்துக்கொள்ளும். வளைத்துப் பார்த்தால் முடி போல் கீறல் தெரியும். பிறகு ஃபில்டர். இவ்வளவும் பார்த்தபின் பம்ப்: இன்ஜின் கிளம்பாதபடி காயில் வயரைக் கழற்றி, கார்புரேட்டர் பக்க ஹோஸை உருவி ஒரு பாட்டிலில் விட்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டு பலமாகப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. சும்மா வழிந்தால் பம்பை மாற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில் செய்யுங்கள். பீடியோடு வேடிக்கை பார்க்க வருகிறவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.

மத்தியான வெயிலில் மட்டும் நின்று, ஆறியதும் தானே ஓடுகிறதென்றால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் கொஞ்ச நேரத்தில் கிளம்பும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1997-ல் போட்ட ரப்பர் இதற்காகச் செய்தது இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கிற வண்டியில் டேங்க் துருவுக்கு அதுவும் ஒரு காரணம். ஹோஸ் மாற்றும்போது எத்தனால் தாங்கும் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், ஐம்பது ரூபாய் மிச்சம் பார்க்கவேண்டாம்.

எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சுகிற வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பம்ப் டேங்குக்குள். சாவி போட்டதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு மூன்று விநாடி "ங்ங்ங்" சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, எர்த், இந்த வரிசை, பம்ப் அதற்கப்புறம். பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பாட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ எர்த்திலோ உப்பு வேலை செய்கிறது.

உங்கள் வண்டிக்கே திரும்ப வருகிறேன். பம்பை மாற்றினால் பழைய பம்புக்கு அடியில் இருந்த கனத்த பேக்கலைட் துண்டைத் தூக்கி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மாட்டினால் சூடும் ஏறும், தட்டுகிற தண்டின் அளவும் மாறும். புது ஆயில் ஊற்றி நாலைந்து நாள் ஓட்டியபின் குச்சியை மறுபடி மோந்து பாருங்கள். திரும்பவும் பெட்ரோல் வாடை வந்தால் டயஃப்ரம் இல்லை, கார்புரேட்டரில் நீடில் வால்வு மூடாமல் வழிகிறது. அப்போது கார்புரேட்டரைத்தான் பிரிக்கவேண்டும்.