‘செட்’டுக்கு எத்தனை அர்த்தம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 430 அர்த்தம் என்று என் மகளின் போட்டித் தேர்வு கைடில் போட்டிருக்கிறது. நிஜமாகவா? அத்தனையையும் மனப்பாடம் செய்தால்தான் ஆங்கிலம் வருமா? – ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

பதில்: கைடு சொல்வது பொய்யில்லை, கொஞ்சம் பழசு. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ‘செட்’ என்ற வினைச்சொல்லுக்கு 430 பொருள் பிரித்துப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லின் விளக்கம் மட்டுமே சுமார் 60,000 சொற்கள், அதாவது ஒரு நாவல் அளவுக்கு ஓடியது. கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. ஆனால் அதே அகராதியைத் திருத்தி எழுதும் வேலையில் ‘ரன்’ முந்திக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ஒன்பது மாதம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டியதில் வினையாக மட்டும் 645 பொருள் தேறியது என்று 2011-இல் செய்தி வந்தது. பரீட்சையில் கேட்டால் எந்தப் பதிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

மனப்பாடமெல்லாம் வேண்டாம். அகராதிக்காரர்கள் நூல் நூலாகப் பிரித்து எண்ணுவார்கள், அது அவர்கள் தொழில். மகளுக்கு வேர் தெரிந்தால் போதும். ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்றால் உட்கார வை. நம்மிடம் படு, படுத்து இருப்பதைப் போல அங்கே பழைய ஆங்கிலத்திலிருந்தே இந்த ஜோடி இருக்கிறது. அதனால்தான் முக்கால்வாசி இடத்தில் நம் ‘வை’ அப்படியே பொருந்துகிறது: அலாரம் வைக்கிறோம், எலிக்குப் பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம், கல்யாணத்துக்குத் தேதி வைக்கிறோம், எல்லாமே ஆங்கிலத்தில் ‘செட்’தான். இன்னும் கேளுங்கள், கோழியை அடை வைக்கிறோமே, கூடையில் வைக்கோலைப் பரப்பி முட்டைகளை அடுக்கி அதன்மேல் பெட்டைக்கோழியைப் பிடித்து உட்கார வைத்து மூடி விடுவோமே, இருபத்தொரு நாள் அது கொத்திக்கொண்டே காவல் காக்குமே, அதற்கும் ஆங்கிலக் கிராமத்துக்காரர்கள் ‘செட்’ என்றுதான் சொல்வார்கள். சூரியன் மறைவதும் ‘செட்’. நம் பக்கத்துப் பாட்டிமார் ‘பொழுது அடைஞ்சிட்டு’ என்பார்கள், கோழி அடைவதற்கும் பொழுது அடைவதற்கும் நமக்கும் ஒரே சொல்தான். இரண்டு பாஷைக்காரர்களும் கலந்து பேசியெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை.

‘வை’ பொருந்தாத இடங்களை மட்டும், பக்கத்தில் வரும் சொல்லோடு சேர்த்து, வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். தனிச் சொல்லாகப் பட்டியல் போட்டால் மறுவாரமே மறந்துபோகும்.

கேள்வி: அப்படியென்றால் எங்கள் ஊர்க் கொடையில் கட்டுகிற மைக் செட்டுக்கும், வயல் பம்பு செட்டுக்கும், செட் தோசைக்கும் ‘உட்கார வை’ எங்கே வந்தது? – ஓர் ஆசிரியர், நாங்குநேரி

பதில்: வரவில்லை, அது வேறு ஆள். சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் குறிக்கும் ‘செட்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது, ‘செக்டா’ என்ற சொல்லிலிருந்து. ஒருவரைப் பின்பற்றும் கூட்டத்தார், ஒரே கொள்கைக்காரர்கள் என்று அதற்குப் பொருள், மதப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’டும் அதன் வழிதான். உச்சரிப்பு ஒன்றாக இருந்ததால் போகப் போக இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மைக், ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், வயர் எல்லாம் சேர்ந்தால்தான் மைக் செட். மோட்டாரும் பம்பும் சேர்ந்தது பம்பு செட். ‘எங்க செட்டுப் பயலுவ’ என்று சொல்கிறோமே, அது லத்தீன் அர்த்தத்துக்கு ரொம்பப் பக்கம்.

ஆனால் ‘அந்த மாப்பிள்ளை நமக்குச் செட் ஆகாது’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லாதீர்கள், வெள்ளைக்காரனுக்குப் புரியாது. அது நாம் உண்டாக்கிக்கொண்ட அர்த்தம், அவன் அங்கே ‘சூட்’ என்பான். இன்னொன்று, ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்பதில் உள்ள செட்டு சிக்கனத்தைச் சொல்லும் தமிழ்ச் சொல். கட்டும் செட்டுமாக இருப்பவர்களை ஆங்கிலக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கான்கிரீட் ‘செட் ஆயிட்டு’ என்று கொத்தனார் சொன்னதும் மேலே ஏறி நடக்கலாமா? – வீடு கட்டுபவர், தாழையூத்து

பதில்: சிமென்ட் ஆலை ஊரிலிருந்தே இந்தக் கேள்வியா! சிமென்ட் விஷயத்தில் ‘செட்’ என்றால் குழைவு போய் இறுகுவது, அவ்வளவுதான். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் தண்ணீர் பட்டு 30 நிமிடத்துக்குள் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. வலு ஏறுவது அதற்கு அப்புறம். அதை ‘ஹார்டனிங்’ என்று தனியாகச் சொல்வார்கள், 28 நாள் வலுவைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தண்ணீர் கட்டுவதற்கு ஏறலாம், செங்கல் அடுக்குவதற்கும் சென்ட்ரிங் பிரிப்பதற்கும் இன்ஜினீயரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சொத்து வழக்கில் கீழ்க்கோர்ட் கொடுத்த உத்தரவை மதுரைக் கிளை ‘செட் அசைட்’ செய்துவிட்டதாக வக்கீல் குமாஸ்தா சொன்னார். ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அப்புறம் எடுப்பார்கள் என்று இருக்கிறேன். சரிதானே? – பாளையங்கோட்டை வாசகர்

பதில்: சரியில்லை, இன்றே வக்கீலைப் போய்ப் பாருங்கள். கோர்ட் பாஷையில் ‘செட் அசைட்’ என்றால் ரத்து. அந்த உத்தரவு இனிச் செல்லாது. தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் அது ‘ஸ்டே’, தடை. விசாரணை முடிந்து தீர்ப்பைப் பிறகு சொல்கிறோம் என்றால் ‘ரிசர்வ்’, பேப்பரில் ‘தீர்ப்பு ஒத்திவைப்பு’ என்று போடுவார்கள். நீங்கள் நினைத்த அர்த்தமும் வீட்டில் உண்டு, மகள் கல்யாணத்துக்கென்று சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தால் அதுவும் ‘செட் அசைட்’தான். பணம் அப்படியே இருக்கும், உத்தரவு இருக்காது. ரத்து செய்ததோடு நின்றார்களா, மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ்க்கோர்ட்டுக்கே அனுப்பினார்களா என்று உத்தரவின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘செட்’டைக் கணம் என்கிறார்கள். கணம் என்றால் நொடி இல்லையா? – மாணவி, களக்காடு

பதில்: நொடியும் கணம்தான், கூட்டமும் கணம்தான், பூதகணம் என்கிறோமே. பாடத்தில் வருவது கூட்டம். எது உள்ளே, எது வெளியே என்று சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிற கூட்டமாக இருக்க வேண்டும். ‘களக்காட்டில் வாழை போட்டிருக்கும் வயல்கள்’ கணம், ‘களக்காட்டில் நல்ல வயல்கள்’ கணம் ஆகாது, ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் ‘செட் ஸ்கொயர்’ மூலைமட்டம், அதற்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தமில்லை.