காக்கை உட்கார்ந்ததா, பனம்பழம் பழுத்ததா?

கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். "இருபதாம் நூற்றாண்டின் திருப்புமுனைகளைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். முக்கால்வாசிப் பேர் கேட்டிருப்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகளைத்தான். எனக்குக் காக்கை மீது பகை இல்லை. ஆனால் பழம் எத்தனை நாளாகக் கனிந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

மதுரை வாசகர்: 1914-இல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டவன், சாண்ட்விச் வாங்கப் போன இடத்தில் தற்செயலாக அவரைப் பார்த்தானாமே?

சாண்ட்விச் பிற்காலத்தில் யாரோ சேர்த்த மசாலா. நடந்ததே போதுமான விசித்திரம். ஜூன் 28 அன்று காலையில் சரயேவோவில் கார் வரிசை மீது ஒருவன் குண்டு வீசினான். இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் தப்பினார். பின்னால் வந்த காரில் இருந்த அதிகாரி காயமடைந்தார். நகரமன்ற வரவேற்பு முடிந்ததும், அந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார் இளவரசர். வழியை மாற்றினார்கள். மாற்றியதை ஓட்டுநரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய வழியில் திரும்ப, காரில் இருந்த ஆளுநர் தவறான வழி என்று கத்த, வண்டி நின்றது. நின்ற இடத்தில் சில அடி தூரத்தில் நீங்கள் கேட்ட அந்த ஆள், கவ்ரீலோ பிரின்சிப்.

ஆனால் அந்த இரண்டு தோட்டாக்களுக்கும் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்ததற்கும் இடையில் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. அந்த ஒரு மாதமும் வியன்னாவிலும் பெர்லினிலும் பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள். ஓட்டுநர் தலையில் ஒரு உலகப் போரைக் கட்ட வேண்டாம்.

அவரே மீண்டும்: அந்தப் போருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

வீட்டில் யாரையாவது "சரியான எம்டன்" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுதான். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, பிடிபடாமல் போனது. பயந்து பலர் ஊரைவிட்டே கிளம்பினார்கள். கப்பல் தரைதட்டிவிட்டது, சொல் மிதக்கிறது.

சேலம் வாசகர்: 1929-இல் பங்குச் சந்தை சரிந்தபோது தரகர்கள் கூட்டம் கூட்டமாக மாடியிலிருந்து குதித்தார்களா?

கூட்டம் கூட்டமாக இல்லை. உண்மையான துயரம் மெதுவாக வந்தது. 1929 செப்டம்பரில் 381-இல் இருந்த, அமெரிக்கப் பங்கு விலைகளைக் காட்டும் டவ் ஜோன்ஸ் குறியீடு 1932 ஜூலையில் 41-க்கு இறங்கியது. பழைய உச்சத்தை மீண்டும் தொட்டது 1954-இல். பங்கே வாங்காதவனையும் விட்டுவைக்கவில்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் மூழ்கி, சேமிப்பு போனது. 1933 மார்ச்சில் பதவியேற்ற அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா வங்கிகளையும் பூட்டச் சொன்னார். பின்னர் ஒரு ஞாயிறு இரவு வானொலியில், வங்கி என்றால் என்ன, நீங்கள் போட்ட பணத்தை அது என்ன செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் போலப் பொறுமையாக விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறந்ததும் மக்கள் வரிசையில் நின்றார்கள், பணத்தை எடுக்க அல்ல, திரும்பப் போட.

கோவை, பள்ளி ஆசிரியை: அமெரிக்காவில் வெள்ளையருக்கு இடம் விட்டு பஸ் இருக்கையிலிருந்து ரோசா பார்க்ஸ் எழுந்திருக்காதது களைப்பினால்தான் என்று பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். சரியா, ஐயா?

தயவுசெய்து மாற்றிவிடுங்கள், அம்மா. அவர் களைத்துப் போன பாட்டி அல்ல, வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக வேலை பார்த்தவர். உடல் களைக்கவில்லை, பணிந்து போய்ப் போய்த்தான் களைத்தேன் என்று அவரே பின்னாளில் எழுதினார்.

அதோடு, அவர் முதல் ஆளும் அல்ல. அதே மான்ட்கோமரி நகரில் ஒன்பது மாதத்துக்கு முன்பு கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். தலைவர்கள் அவளை முன்னிறுத்தத் தயங்கினார்கள். 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸ் கைதானதும், ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை இரவோடு இரவாகக் கல்லூரி நகலெடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகள் அடித்துத் தள்ளினார். "திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்" என்பதுதான் செய்தி. ஒரு நாளுக்குத் திட்டமிட்டது 381 நாள் நீண்டது. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26, ஊருக்குப் புதியவர். பஸ்ஸில் இனப்பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதிகளில் ஒருத்தி அந்தக் கால்வின். உங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஏறக்குறைய அவள் வயதுதானே, அவளிடமிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள்.

திருச்சி, கல்லூரி மாணவர்: கியூபா ஏவுகணை நெருக்கடியும் இந்திய-சீனப் போரும் ஒரே வாரத்தில். இரண்டும் பேசி வைத்து நடந்தவையா?

நல்ல கேள்வி, தம்பி. சீனப் படை தாக்கியது 1962 அக்டோபர் 20; கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அமெரிக்க அதிபர் கென்னடி உலகத்துக்குச் சொன்னது 22. பேசி வைத்ததற்குச் சான்று இல்லை. ஆனால் பாதிப்பு இருந்தது. சீனாவின் ஆதரவு தேவைப்பட்ட அந்த நேரத்தில், நண்பனாக இருந்த மாஸ்கோ நம்மைக் கைகழுவியது. 25-ஆம் தேதி சோவியத் கட்சியின் பிராவ்தா நாளிதழ் சீனாவின் யோசனையை ஏற்கும்படி நமக்கே புத்தி சொன்னது. கியூபாவைச் சுற்றிய கடல் தடையை அமெரிக்கா விலக்கியது நவம்பர் 20. சீனா தானாகப் போர்நிறுத்தம் அறிவித்தது மறுநாள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அக்டோபர் 27, கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கை வெடிகளைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. உள்ளே வெக்கை, காற்று கெட்டுப் போயிருக்கிறது, மாஸ்கோவுடன் தொடர்பு இல்லை. போர் தொடங்கிவிட்டதா என்றே தெரியாது. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருப்பது மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது. கப்பல் தலைவர் அதை ஆயத்தப்படுத்தச் சொன்னதாகவும், உடன் பயணித்த வசீலி அர்கிப்போவ் என்ற அதிகாரி அவரை அமைதிப்படுத்தி மேலே கொண்டுவரச் செய்ததாகவும் பின்னாளில் சாட்சி வந்தது. இங்கே மட்டும் நான் காக்கையின் பக்கம்.

மறுநாள் சோவியத் தலைவர் குருஷேவ் இறங்கி வந்தார். துருக்கியிலிருந்து தங்கள் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக அமெரிக்கா ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தது. அதைப் பல ஆண்டுகள் மூடி வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை: வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதரின் அவசரத் தந்திகளை, தந்தி நிறுவனத்துப் பையன் சைக்கிளில் வந்து வாங்கிப் போவானாம். வழியில் ஏதாவது பெண்ணிடம் பேசிக்கொண்டு நிற்காமல் போக வேண்டுமே என்று தூதர் கவலைப்பட்டிருக்கிறார்! அடுத்த ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு போட்டார்கள். நீ படங்களில் பார்க்கும் சிவப்புத் தொலைபேசி அல்ல, தட்டச்சுத் தந்தி இயந்திரம்.

சென்னை வாசகி: பெர்லின் சுவர் ஒரு பேச்சாளர் உளறியதால் விழுந்ததாமே?

உளறல் உண்மை. 1989 நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மனியின் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கியின் கையில் ஒரு தாள். வெளிநாடு செல்ல இனி எளிதில் அனுமதி கிடைக்கும் என்ற அறிவிப்பு. மறுநாள்தான் வெளியிட வேண்டும். அது அவருக்குத் தெரியாது. "எப்போதிலிருந்து?" என்று நிருபர்கள் கேட்கிறார்கள். தாள்களைப் புரட்டுகிறார். "எனக்குத் தெரிந்தவரை… உடனடியாக."

போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச்சாவடியில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி இரவு உணவு சாப்பிட்டுக்கொண்டே இதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திடுக்கிட்டார். கூட்டம் சேர்ந்தது. மேலிடத்துக்குத் தொலைபேசிமேல் தொலைபேசி. அதிகம் கத்துபவர்களை மட்டும் வெளியே விடு, ஆனால் அவர்கள் திரும்பி வர முடியாதபடி அடையாளச் சீட்டில் முத்திரை குத்து என்று பதில் வந்தது. அலுவலக மூளை அப்படித்தான் வேலை செய்யும். இரவு பதினொன்றரை வாக்கில், உத்தரவு இல்லாமலேயே, யேகர் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் அம்மா, ஹங்கேரி தன் எல்லையைச் செப்டம்பரிலேயே திறந்து, கிழக்கு ஜெர்மானியர் ஆயிரமாயிரமாய் வெளியேறிவிட்டார்கள். அக்டோபர் 9 அன்று லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கியும் துப்பாக்கி வெடிக்கவில்லை. பழம் காம்பில் ஒட்டிக்கொண்டிருந்ததே ஆச்சரியம்.

நியூ ஜெர்சி வாசகர்: என் பெரியப்பா 1969-இல் இங்கே வந்தார். அதற்கு முந்திய தலைமுறையில் ஏன் தமிழர்கள் அதிகம் இல்லை?

அதுவரை இந்தியா முழுமைக்கும் ஆண்டு ஒதுக்கீடு 100 பேர். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் உங்கள் பெரியப்பாவுக்குக் கதவு திறந்தது. இது புரட்சிகரமான சட்டமல்ல என்று அவரே அன்று சொன்னார். குடும்ப உறவுக்கு முன்னுரிமை கொடுத்தால் ஐரோப்பியர்களே தொடர்ந்து வருவார்கள் என்று சிலர் கணக்குப் போட்டார்கள். நமக்கும் அண்ணன் தம்பி உண்டு என்பதை மறந்துவிட்டார்கள்.

தேர்வுக்குப் படிக்கும் ஒருவர்: எந்தத் தேதியை மனப்பாடம் செய்யலாம்?

நவம்பர் 9. எம்டன் 1914-இல் ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டியது, 1918-இல் ஜெர்மானியப் பேரரசர் கைசர் முடிதுறந்ததாக அறிவித்தது, 1923-இல் மியூனிக்கில் ஹிட்லரின் முதல் கலகம் தோற்றது, 1938-இல் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்பட்ட இரவு, 1989-இல் சுவர்: எல்லாம் அதே நாள். 1938-இன் கறை இருப்பதால்தான் ஜெர்மானியர்கள் அந்த நாளைத் தேசிய தினமாக்காமல், இணைப்பு நடந்த அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள்.